கணினிக் கருவிகள் கற்கும் தமிழ்வழி ஆசிரியர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழி யூ.பி. (உயர் தொடக்கப்) பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். மே மாதப் பயிற்சி முடிந்து வெளியே வரும்போதும், சனிக்கிழமை கிளஸ்டர் (பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) இடைவேளையில் டீ குடிக்கும்போதும் சக ஆசிரியர்கள் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மறையூர், மூணாறு, பீருமேட்டு நண்பர்கள் போனில் கேட்டவையும் இதில் உண்டு. நான் கணினி படித்தவரில்லை. வகுப்பில் பயன்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

பயிற்சி மலையாளத்தில், மென்பொருள் ஆங்கிலத்தில், வகுப்பு தமிழில். எங்கிருந்து தொடங்குவது?

தமிழில் தட்டச்சு செய்வதிலிருந்து. வேறு எதையும் அதற்கு முன்னால் வைக்க மாட்டேன்.

மலையாள வழி ஆசிரியருக்குப் பயிற்சியில் கிடைக்கும் மாதிரி வினாத்தாளும் செயல்தாளும் அப்படியே கைகொடுக்கும். பெயரை மாற்றி அச்சடித்தால் முடிந்தது. நமக்கு அப்படி இல்லை. நல்ல மாதிரி ஒன்று கிடைத்தாலும் அதைத் தமிழாக்கி அடித்தால்தான் நம் பிள்ளைகள் கையில் போகும். தமிழில் அடிக்கத் தெரியாத ஆசிரியர் எத்தனை கருவி கற்றாலும் கடைசியில் டிடிபி கடை வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். அங்கே ஒரு பக்கத்துக்குக் காசு, பிழை திருத்த இரண்டு நடை. இந்தச் சலிப்பிலேயே பலர் புதிதாக எதையும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

போனில் ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழ் வருகிறதே, அது போதாதா?

வாட்ஸாப் செய்திக்குப் போதும். வினாத்தாளுக்குப் போதாது. ஒலியை ஆங்கிலத்தில் அடிக்கும்போது ல, ள, ழ எது வேண்டும், ந, ன, ண எது வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கருவிதான் ஊகிக்கிறது. அது தவறாக ஊகித்த 'வலி'யும் 'வழி'யும் நம் கண்ணில் படாமல் அச்சாகிவிடும்.

தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற தரம் அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் இருக்கும். 12 உயிர், 18 மெய், புள்ளிக்கும் ஆய்தத்துக்கும் ஒரு விசை, இவ்வளவில் 247 எழுத்தும் வந்துவிடும். 'தம்பி' என்பதற்கு த, ம, ப, இ என்று நான்கே தட்டு. ம-வுக்குப் பின்னால் ப வந்தால் புள்ளி தானாக விழுகிறது. 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவது புள்ளி பெறும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. 'பப்பாளி' அடிக்கும்போது முதல் ப-வுக்குப் பிறகு ஒரு அ தட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் புள்ளி வாங்கிவிடும். முதல் வாரம் இது எரிச்சலூட்டும். அப்புறம் விரல் பழகிவிடும்.

நம் பள்ளி லேப்டாப்களில் இருக்கும் லினக்ஸில் ஐபஸ் என்ற விசைப்பலகை அமைப்புக்குள் போய்த் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் உள்ளேயே இருக்கிறது. போனில் வேண்டுமானால் செல்லினம் செயலியில் இதே அமைப்பு கிடைக்கும். தினமும் 15 நிமிடம் ஒதுக்கினேன். விசையைப் பார்க்காமல் அடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் திரையில் காட்ட இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. க தட்டி இ தட்டினால் கண்முன்னே கி ஆகிறது. பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள்.

பத்து வருஷ வினாத்தாள்கள் பழைய எழுத்துருவில் இருக்கின்றன. புதிய லேப்டாப்பில் திறந்தால் வெறும் குப்பையாகத் தெரிகிறது. போனது போனதுதானா?

இல்லை, மீட்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே கிடக்கும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரியும். யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் உண்டு என்பதால் அந்தத் தொல்லை இல்லை. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் பழைய உரையைப் போட்டு, எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்தால் யூனிகோடாக வரும். ஒரே கோப்பில் ஆங்கில வார்த்தைகள் கலந்திருந்தால் அவையும் தமிழாகிச் சிதையும். அந்த இடங்களை முன்னதாகவே குறித்து வையுங்கள்.

இது எனக்கு நேர்ந்த இழப்பு, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். லேப்டாப் மாற்றியபோது எழுத்துரு எது என்று குறித்து வைக்கவில்லை. ஒரு வருஷ அலகுத் தேர்வுகள் முழுவதையும் மறுபடி அடித்தேன்.

பி.டி.எஃப். பாடப்புத்தகத்திலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி வருகிறது. என்ன செய்வது?

அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். படத்திலிருக்கும் எழுத்தைப் படித்து உரையாகத் தரும். ர-வையும் காலையும் அது மாற்றிப் படிப்பதுண்டு. அச்சிடுமுன் ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

ஒரே பயிற்சியில் பத்துப் பன்னிரண்டு கருவி காட்டுகிறார்கள். எல்லாவற்றையும் கற்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒன்று போதும்.

தேர்ந்தெடுப்பதற்கு என் வழி இது. போன வருஷ விடைத்தாள்களை எடுத்துப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் ஒரே மாதிரி தவறு செய்த கேள்வி எது? அந்த இடத்தை எழுதிக்கொண்டு பயிற்சிக்குப் போங்கள். அங்கே காட்டும் கருவிகளில் எது அந்த இடத்தைத் தொடுகிறதோ அதை மட்டும் பிடியுங்கள், மற்றவற்றின் பெயரைக் குறித்துக்கொண்டால் போதும். கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் தேடினால் அழகான ஸ்லைடு மிஞ்சும், பிள்ளை தவறு செய்த இடம் அப்படியே இருக்கும். நான் இரண்டு வருஷம் அப்படித்தான் வீணாக்கினேன்.

ஒரு எடுத்துக்காட்டு சொல்லுங்களேன்.

ஏழாம் வகுப்பில் மின்சுற்று. இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் முதல் பல்பு கொஞ்சம் கரண்டைக் குடித்துவிடும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் என்று பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. மேல்மடைக்காரர் எடுத்துக்கொண்டால் கடைமடைக்குக் குறையும் என்பது அவர்கள் வீட்டில் தினம் கேட்கும் பேச்சு. அந்த நம்பிக்கையைச் சொல்லால் அசைக்க முடியவில்லை.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ஃபெட் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. அதில் மின்சுற்று அமைக்கும் சிமுலேஷன் ஒன்று உண்டு. முதலில் உண்மையான பேட்டரி, பல்பு, கம்பியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். இரண்டு பல்பும் ஒரே அளவில் எரிவதைப் பார்த்தார்கள். ஆனாலும் நம்பவில்லை, "இரண்டாவது கொஞ்சம் மங்கல்தான்" என்றார்கள். பிறகு அதே சுற்றைத் திரையில் அமைத்து, அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னும், நடுவிலும், இரண்டாவதற்குப் பின்னும் வைத்தோம். மூன்று இடத்திலும் ஒரே எண். எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாகச் சுற்று முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதும் தெரிந்தது. அப்போதுதான் ஒரு பையன், "அப்போ வாய்க்கா மாதிரி இல்ல டீச்சர், செக்கு மாதிரி, எல்லாம் சேந்து சுத்துது" என்றான்.

திரையை மட்டும் காட்டியிருந்தால் அது அவனுக்கு இன்னொரு கார்ட்டூன். கையால் செய்ததும் திரையில் பார்த்ததும் அடுத்தடுத்து வந்ததால்தான் அந்தச் சொல் அவன் வாயில் வந்தது என்று நினைக்கிறேன். அதோடு, கம்பியை பேட்டரியின் இரு முனைக்கும் நேராக இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். அதை வகுப்பில் நிஜமாகச் செய்து காட்ட முடியாது.

ஃபெட் சிமுலேஷன்களில் பலவற்றுக்குத் தமிழாக்கம் உண்டு.

கணக்குக்கு?

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள். மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் ஆஸ்திரியாவில் 2001-இல் உருவாக்கியது, நம் பள்ளி லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும். முக்கோணத்தின் ஒரு முனையை இழுத்தால் மூன்று கோணமும் மாறும், கூட்டுத்தொகை 180 பாகையிலேயே நிற்கும். இங்கேயும் முதலில் காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளைக் கிழித்து ஒரு நேர்கோட்டில் வைக்கச் சொல்லுங்கள், பிறகு திரைக்குப் போங்கள்.

கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று தெரியாது. ஜூன், ஜூலை மழையில் மூணாறு பக்கம் நாள் கணக்கில் இல்லை. அப்போது?

நெட் இருக்கும் நாளில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபெட்டின் புதிய சிமுலேஷன்கள் ஒவ்வொன்றும் ஒரே கோப்பு. பென்டிரைவில் போட்டுக்கொண்டால் எந்த பிரவுசரிலும் நெட் இல்லாமல் திறக்கும். ஜியோஜீப்ராவும் அப்படியே இயங்கும். வீடியோ என்றால் முந்தைய நாளே இறக்கிச் சரிபார்த்துவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 45,000 வகுப்பறைகளுக்கு 2018-இல் தொடங்கிய கேரள அரசின் ஹைடெக் திட்டத்தில் லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்தன. கீழ்வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே அறையைப் பங்கிட வேண்டியிருக்கும். அதனால் புரொஜெக்டர் வேண்டிய 20 நிமிடத்தைத் தனியாகப் பிரித்து வையுங்கள். மீதிப் பாடம் கரும்பலகையில் நடக்கட்டும்.

மலையாளப் பயிற்சியில் சொற்களே குழப்புகின்றன. நமக்குப் பழக்கமான மொழிதான், ஆனாலும் பாடத்தில் இடறுகிறது.

சரியான கவலை இது. பேச்சில் இரண்டு மொழியும் நமக்கு ஓடும். பாடச்சொல்லில்தான் பள்ளம் இருக்கிறது. மலையாள இயற்பியலில் 'பலம்' என்றால் நாம் 'விசை' என்று சொல்வது. பயிற்சியில் கேட்ட சொல்லை அப்படியே ஸ்லைடில் எழுதினால், வலிமை என்ற பொருளில் பலம் தெரிந்த பிள்ளை தடுமாறும். 'ஊர்ஜம்' நமக்கு ஆற்றல், 'திரிகோணம்' முக்கோணம், 'ஜ்யாமிதி' வடிவியல், 'பிரகாச சம்ஸ்லேஷணம்' ஒளிச்சேர்க்கை.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் பயிற்சியில் கேட்ட சொல், வலப்பக்கம் நம் தமிழ்வழிப் பாடப்புத்தகத்தில் உள்ள சொல். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து இதை ஒரு விரிதாளாக மாற்றினோம். ஒருவர் திருத்தினால் எல்லோருக்கும் திருத்தமாகும். பயிற்சிகளில் எனக்கு அதிகம் பயன்பட்டது, நாங்களே செய்த இந்தச் சின்ன விரிதாள்தான்.

தமிழ்நாட்டு வீடியோக்களைக் காட்டலாமா? நம்முடையது கேரளப் பாடத்திட்டம் ஆயிற்றே.

காட்டலாம், பார்த்துத் தேர்ந்தெடுத்து. கல்வித் தொலைக்காட்சி 2019-இலும் மணற்கேணி செயலி 2023-இலும் தமிழ்நாட்டில் வந்தன. அங்கே தமிழ் நன்றாக இருக்கிறது, ஆனால் வரிசை வேறு, சில இடங்களில் சொல்லும் வேறு. நான் முழு வீடியோ போடுவதில்லை. வேண்டிய மூன்று நிமிடம் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு அதை மட்டும் காட்டுவேன். கேரளப் பள்ளிகளுக்கான கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட்டின் விக்டர்ஸ் சேனல் வழியாக 2020 ஜூன் 1-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் பெல் என்ற கொரோனாக் கால வகுப்புகளின் தமிழ்வழிப் பதிவுகள் யூடியூபில் வந்தன. அவை நம் பாடத்திட்டத்தையே ஒட்டியவை என்பதால் முதலில் அங்கே தேடுங்கள்.

ஏஐ பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டும். கேரளத்தில் 2024 மே மாதம் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எடுக்கும் சுமார் 80,000 ஆசிரியர்களுக்காக மூன்று நாள் ஏஐ பயிற்சியை கைட் தொடங்கியது. கீழ்வகுப்பு ஆசிரியர்களும் ஒதுங்கியிருக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

எனக்கு அது பயன்படுவது ஒரு வேலைக்கு. ஒரே கருத்தில் இருபது கேள்வி கேட்டு வாங்கி, அதில் நல்லதாக நான்கை எடுத்து, நம் பாடச்சொல்லுக்கு மாற்றிக்கொள்கிறேன். விடையை நானே போட்டுப் பார்க்காமல் எதையும் வகுப்புக்குக் கொண்டுபோவதில்லை.

தமிழ் ஆசிரியர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கல்வி பற்றி ஒரு குறள் கேட்டேன். எண், உரை எல்லாவற்றோடும் தந்தது. நூலை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணில் வேறு குறள் இருந்தது. தந்த வரிகள் 1330 குறளில் எங்குமே இல்லை. முதலில் சீர்களை எண்ணிப் பாருங்கள், மேலடியில் நான்கும் கீழடியில் மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே தள்ளிவிடலாம். இருந்தாலும் நூலைப் பார்க்காமல் கரும்பலகையில் எழுதாதீர்கள். தவறான குறளைப் பிள்ளை ஒரு முறை மனப்பாடம் செய்துவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு.

பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் போட்டு ஏஐயிடம் அறிக்கை எழுதச் சொல்லலாமா?

கூடாது. பெயர், படம், சேர்க்கை எண், வீட்டு விவரம் எதையும் ஏற்றாதீர்கள். 2023-இல் நிறைவேறிய இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையேதான் சொல்வேன். அந்தப் பெற்றோர் நம்மை நம்பித்தான் விவரம் தந்தார்கள்.

எஸ்டேட் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வரும் பிள்ளைகள். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இவர்களுக்கு என்ன கருவி?

ஒலிப்பதிவு. வீடியோவைவிடப் பலமடங்கு சிறிய கோப்பு, பலவீனமான சிக்னலிலும் போய்ச் சேரும். பாடலையோ பத்தியையோ நீங்களே நிறுத்தி நிதானமாக வாசித்து அனுப்புங்கள். இரவு அப்பா வந்ததும் போனைக் கேட்டு வாங்கி, வீட்டோடு கேட்பார்கள். பீருமேட்டு டீச்சர் ஒருவர் இரண்டு வருஷமாக இதைச் செய்கிறார். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகள் பாடலைத் திரும்பச் சொல்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கவும் தவறிய வரியை வெட்டவும் கற்றால் போதும், அரை நாள் வேலை.

ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம்தான். இனிமேல் எதற்கு?

56 வயதில் ஓய்வு என்றால், மூன்று வருஷம் என்பது மூன்று வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்கு இது முதல் வருஷம். அது மட்டுமில்லை, முப்பது வருஷம் பாடம் எடுத்த உங்களுக்குத்தான் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்று தெரியும். இளையவர்களுக்கு பொத்தான் தெரியும், அந்த இடம் தெரியாது. ஒரு இளைய ஆசிரியரோடு சேர்ந்து உட்காருங்கள். இருவருக்கும் லாபம்.

நேரம்?

தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. வாரத்துக்கு ஒரு மணி என்று பிரித்தால் தாங்கக்கூடியதுதான். நான் வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் லேப்பிலேயே இருந்துவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் நடக்காது.

பிள்ளைகளுக்கு நம்மைவிட அதிகம் தெரிகிறது. கூச்சமாக இருக்கிறது.

கேளுங்கள். 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்கள் இருக்கின்றன. அனிமேஷன், புரோகிராமிங், மலையாளக் கணினி எல்லாம் கற்கிறார்கள். தமிழ்வழிப் பிள்ளைகள் உள்ள மன்றம் பக்கத்தில் இருந்தால், தமிழ்99-ஐயும் அவர்களுக்குக் கொடுங்கள். எங்கள் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து ஜியோஜீப்ரா சொல்லித்தந்தாள். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவள்.

சான்றிதழ் கிடைக்குமா?

திக்ஷா என்ற மத்திய அரசின் இணையக் கல்வித் தளத்தில் முடிக்கும் பல பாடங்களுக்குக் கிடைக்கும். இறக்கிப் பத்திரமாக வையுங்கள்.

செய்து பார்க்கும்போது மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது?

கைட்டின் மாஸ்டர் டிரெய்னர்கள் மாவட்டம்தோறும் இருக்கிறார்கள். போனில் விளக்குவதைவிட லேப்டாப்பையும் அந்தக் கோப்பையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எங்கே மாட்டியது என்பதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போனதும் அந்தப் பிழை வர மறுக்கும். சித்தூர் வட்டத்துக்காரர்கள் என்றால், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை நாங்கள் நான்கு பேர் ஒரு பள்ளியில் உட்காருகிறோம். இந்த மாதம் பழைய வினாத்தாள்களை யூனிகோடாக மாற்றுகிறோம். உங்களுடையவற்றையும் பென்டிரைவில் கொண்டுவாருங்கள். எந்த எழுத்துரு என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தால் வேலை சீக்கிரம் முடியும்.